கணித மேதை ஜார்ஜ் பூல்

வெள்ளிவிழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு விழாக்குழுவினர் நம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றியும், அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றியும், இரட்டைமலை சீனிவாசனைப் பற்றியும் நம்மினும் நன்கறிந்த அன்பர்கள் எழுதுவர். ஆதலின் நம் மாணவர்கள் பலரும் அஞ்சி ஒதுக்கும் கணிதத் துறையிலிருந்து ஒருவரைத் தெரிந்துகொண்டோம். அவர் பெயர் ஜார்ஜ் பூல். கணிப்பொறி பயிலும் பிள்ளைகள் பூலியன் இயற்கணிதம் என்னும் தொடரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர். அப்பெயருக்கு உரியவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் என்பதையும், கல்லூரி வாயிலை மாணவனாக ஒருநாளும் மிதிக்காமலே கல்லூரிப் பேராசிரியர் ஆனவர் என்பதையும் அறிந்தோர் சிலரே.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் லிங்கன் என்னும் பழம்பெரும் நகர் உள்ளது. குன்றின்மேல் பெரிய தேவாலயம் ஓங்கி நிற்கும் ஊர் அது. அந்நகரில் 1815-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் ஜார்ஜ் பூல் பிறந்தார். தந்தை ஜான் பூல் காலணி தைப்பவர். தாயார் மேரி ஆன், மணத்திற்கு முன் செல்வர் இல்லமொன்றில் பணிப்பெண்ணாக இருந்தவர். நான்கு மக்களுள் ஜார்ஜே மூத்தவர்.

தந்தையைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஜான் பூலுக்குத் தொழிலில் இருந்த கருத்தைவிடக் கணிதத்திலும் ஒளியியலிலும் இருந்த ஆர்வமே மிகுதி. கண்ணாடிச் சில்லுகளைத் தாமே தேய்த்துத் தொலைநோக்கி செய்தார். செய்ததோடு அமையாமல், விரும்புவோர் வந்து அதன் வழியே வானத்தைக் காணலாம் என்று கடைச் சாளரத்தில் அறிவிப்பும் எழுதி வைத்தார் என்பர். தைக்க வந்த காலணிகள் ஒருபுறம் கிடக்க, இவர் விண்மீன்களைக் காட்டிக்கொண்டிருந்தால் கடை எவ்வாறு நடக்கும்? நாளடைவில் வாணிபம் நொடித்தது. மகனுக்கு அவர் விட்டுச்சென்ற செல்வம் பணமன்று. கணிதத்தின் முதற்பாடங்களையும், கருவிகளைக் கையால் செய்யும் பழக்கத்தையுமே அவர் மகனுக்கு ஈந்தார்.

ஊர்த் தொடக்கப் பள்ளியிலும், பின்னர் வணிகக் கல்வி தரும் சிறு பள்ளியொன்றிலும் ஜார்ஜ் பயின்றார். அக்காலத்து இங்கிலாந்தில் உயர்கல்விக்கும் உயர்பதவிக்கும் இலத்தீன், கிரேக்கம் ஆகிய இரு மொழிகளே திறவுகோல். அவற்றைக் கற்பிக்கும் பள்ளிகளில் சேர்க்கத் தந்தையிடம் பொருளில்லை. தந்தையின் நண்பரான புத்தகக் கடைக்காரர் ஒருவர் சிறுவனுக்கு இலத்தீன் இலக்கணத்தைத் தொடங்கி வைத்தார். கிரேக்கத்தை ஜார்ஜ் தாமே நூல்களைக் கொண்டு கற்றார். பிரெஞ்சும் ஜெர்மனும் பின்னர் வந்து சேர்ந்தன.

பதினான்கு வயதில் பழங்கிரேக்கப் புலவர் மெலியாகரின் வசந்தகாலப் பாடலொன்றை அவர் ஆங்கிலக் கவிதையாக மொழிபெயர்த்தார். பெருமை தாங்காத தந்தை அதனை உள்ளூர் இதழுக்கு அனுப்பி அச்சேற்றினார். உடனே எழுந்தது ஒரு குரல். பதினான்கு வயதுச் சிறுவன் இத்தகைய மொழிபெயர்ப்பைச் செய்திருக்க இயலாது என்று பள்ளியாசிரியர் ஒருவரே இதழில் எழுதினார். ஆசிரியர் தொழிலில் உள்ள நாம் இச்செய்தியைப் படிக்குந்தோறும் தலைகுனிகின்றோம். நன்றாக எழுதிய விடைத்தாளைப் பார்த்தவுடன், எழுதியவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதை நினைத்து, யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்கும் வழக்கம் லிங்கன் நகரத்தோடு நின்றுவிட்டதா என்பதை இம்மலரைப் படிப்போரே அறிவர்.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தோல் தொழில் செய்தவர் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஜான் பூலின் நிலையும் நம் முன்னோரின் நிலையும் ஒன்றே எனக் கூறுவது பொருந்தாது. லிங்கன் நகரில் அவர் ஊர்த் தெருவிலேயே கடை வைத்திருந்தார். வழிபாட்டிடத்தில் அவரை எவரும் தடுக்கவில்லை. பொதுக்கிணற்றில் அவர் நீர் முகந்தால் கிணறு தீட்டுப்படவில்லை. அவர் மகனுக்குத் தடையாய் நின்றது வறுமையும், வறியவர்க்கு அறிவு வாய்க்காது என்னும் மேட்டிமை எண்ணமும் ஆகும். அத்தடைகளே ஒரு மனிதனின் ஆண்டுகளை எவ்வளவு விழுங்கின என்பதை இனிக் காண்போம்.

தந்தையின் தொழில் நலிந்தமையால் 1831-இல், பதினாறு வயது நிரம்பாத நிலையில், குடும்பப் பொறுப்பு முழுவதும் ஜார்ஜின் தோளில் விழுந்தது. ஏறத்தாழ 40 மைல் தொலைவிலிருந்த டான்காஸ்டர் ஊர்ப் பள்ளியில் துணையாசிரியரானார். சமயத் தொண்டராக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததுண்டு. பெற்றோரைக் காக்க வேண்டிய கடமையால் அதனைக் கைவிட்டார். டான்காஸ்டரில்தான் கணிதம் அவரைப் பற்றிக்கொண்டது. அதற்கு அவர் கூறிய காரணம் சுவையானது. இலக்கிய நூலைச் சில நாள்களில் படித்து முடித்துவிடலாம். கணித நூலோ மாதக்கணக்கில் வரும். எனவே கொடுத்த காசுக்குக் கணித நூலே இலாபம் என்று கருதினாராம். வறியவரின் கணக்கு இது!

அவ்வாறு வாங்கிய நூல்களுள் ஒன்று பிரெஞ்சு அறிஞர் லக்ருவாவின் நுண்கணித நூல். வழிகாட்ட ஒருவருமின்றி அதனோடு தனியே போராடினார். நல்லாசிரியர் ஒருவர் வாய்த்திருந்தால் ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் தமக்கு மிச்சமாகியிருக்கும் எனப் பிற்காலத்தில் அவரே வருந்தினார். தாமே கற்று உயர்ந்தவர்களை நாம் மேடையில் புகழ்கின்றோம். அவர்கள் இழந்த காலத்தைக் கணக்கிடுவதில்லை.

டான்காஸ்டர்ப் பள்ளியில் அவர் நீண்ட நாள் நீடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கணித நூல் படிக்கிறார், தொழுகை நேரத்திலும் கணக்குப் போடுகிறார் என்று பெற்றோர்கள் குறைகூறினர் என்பர். அவருடைய சமயக் கருத்துகளும் பள்ளியாரின் கொள்கைக்கு ஒத்துவரவில்லை. பின்னர் லிவர்ப்பூலில் சில மாதங்கள், அதன்பின் லிங்கனுக்கு அருகிலுள்ள வாடிங்டன் சிற்றூரில் சிறிது காலம் எனப் பணி மாறியது. 1834-இல், பத்தொன்பதாம் வயதில், லிங்கன் நகரில் சொந்தமாகவே பள்ளியொன்றைத் தொடங்கினார். 1838-இல் வாடிங்டன் பள்ளியின் தலைவர் மறைந்தபோது அப்பள்ளியை ஏற்று நடத்தினார். 1840-இல் மீண்டும் லிங்கனுக்கு வந்து உண்டி உறையுள் வசதியுடன் கூடிய பள்ளியை நிறுவினார். பெற்றோரும் உடன்பிறந்தோரும் அப்பள்ளிகளின் பணிகளில் கைகொடுத்தனர்.

பள்ளியின் கதவைத் திறப்பது முதல் மாணவனின் காய்ச்சலுக்கு மருத்துவரை அழைப்பது வரை எல்லாம் தலைமையாசிரியரின் தலையில்தான் விழும். இதனை நாம் அனுபவத்தால் அறிவோம். அத்தகைய நாளின் முடிவில், இரவு விளக்கொளியில் அமர்ந்து லக்ராஞ்சு, லப்லாசு ஆகியோரின் பெருநூல்களைப் பிரெஞ்சு மொழியிலேயே படித்தார் இவர். படித்ததைக் கடந்து சிந்திக்கவும் செய்தார். கற்பித்தலிலும் அவர் கொள்கை தெளிவானது. விதிகளை ஒப்பிக்கச் செய்வதைக் காட்டிலும் பொருள் உணரச் செய்வதே கல்வி என்பது அவர் துணிபு.

லிங்கன் நகரில் 1833-ஆம் ஆண்டு தொழிலாளர் அறிவு வளர்ச்சிக்கென ஒரு கழகம் தோன்றியது. பட்டறைத் தொழிலாளரும் கைவினைஞரும் மாலையில் கூடிப் படிக்க நூலகமும் சொற்பொழிவும் அங்கே உண்டு. ஜான் பூல் அதன் பொருட்காப்பாளரானார். மகன் அங்கே ஊதியமின்றி வகுப்பெடுத்தார். 1835-இல் நியூட்டனின் மார்பளவுச் சிலை அக்கழகத்துக்கு வழங்கப்பட்டபோது, நியூட்டனின் அறிவுப் பணியைப் பற்றிப் பேசுமாறு பத்தொன்பது வயது ஜார்ஜை அழைத்தனர். அவ்வுரையே அச்சில் வந்த அவரது முதல் நூல். கடைச் சிப்பந்திகளின் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்ற இயக்கத்திலும் அவர் பங்கு கொண்டார். ஓய்வு நேரத்தை எவ்வாறு பயன்கொள்வது என 1847-இல் அவர்களுக்கு உரையாற்றினார். ஆதரவற்றுத் தவறான வாழ்வில் தள்ளப்பட்ட பெண்களுக்கு அதே ஆண்டு லிங்கனில் அமைந்த இல்லத்தின் அறங்காவலருள் ஒருவராகவும் இருந்தார்.

அக்கழகத்தோடு தொடர்புடையவர் சர் எட்வர்ட் பிராம்ஹெட் என்னும் நிலக்கிழார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற அவர், தம் நூல்களை ஜார்ஜுக்கு இரவலாகத் தந்தார். இதே பிராம்ஹெட் தாம் நாட்டிங்காம் மாவு ஆலைக்காரரின் மகன் ஜார்ஜ் கிரீனையும் ஊக்குவித்துக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியவர். இரு மேதைகளை இனங்கண்ட அந்நிலக்கிழாரை உலகம் மறந்துவிட்டது. கைம்மாறு கருதாது புத்தகத்தை இரவல் கொடுப்போர் எந்நாட்டிலும் அரியரே.

1839-இல் ஜார்ஜ் கேம்பிரிட்ஜ் சென்று, கணித இதழொன்றின் ஆசிரியரான டங்கன் கிரிகரி என்னும் இளைஞரைச் சந்தித்தார். கிரிகரி அவருடைய கட்டுரைகளைத் திருத்தி வெளியிட்டார். கேம்பிரிட்ஜிலேயே சேர்ந்து பட்டம் பெறலாமா என்று ஜார்ஜ் எண்ணியதுண்டு. அங்குள்ள பாடமுறைக்குக் கட்டுப்பட்டால் சொந்த ஆய்வை நிறுத்த நேரும் எனக் கிரிகரி எடுத்துரைத்தார். மேலும் பள்ளியை மூடினால் பெற்றோர்க்கு உணவில்லை. எனவே பட்டம் என்னும் எண்ணம் அத்தோடு நின்றது. 1841-இல் அவ்விதழில் வெளியான கட்டுரையொன்று, உருமாற்றத்தின்போது மாறாமல் நிற்கும் இயற்கணிதக் கோவைகளைப் பற்றிய ஒரு புதிய துறைக்கே வித்திட்டது. 1844-இல் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பொதுமுறை பற்றிய நீண்ட கட்டுரையை இலண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. பெயரறியாத நாட்டுப்புறப் பள்ளியாசிரியரின் கட்டுரை என்பதால் முதலில் தயக்கம் எழுந்தது. முடிவிலோ அக்கட்டுரைக்கே அச்சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது.  பெற்றவருக்கு வயது இருபத்தொன்பது.

இனி, அவர் பெயரை நிலைநிறுத்திய கருத்துக்கு வருவோம். டான்காஸ்டரில் இருந்த இளமையில், வயல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது, மனித மனத்தின் சிந்தனைக்கும் இயற்கணிதம் போன்ற விதிகள் இருக்குமோ என்ற எண்ணம் மின்னலெனத் தோன்றியது என்று அவர்தம் மனைவியார் பின்னர் எழுதியுள்ளார். அவ்வெண்ணம் பதினைந்து ஆண்டுகள் உறங்கியது. 1847-இல் அளவையியலைப் பற்றி இரு அறிஞர்களிடையே எழுந்த பூசல் அதனை எழுப்பியது. அவ்வாண்டே அளவையியலின் கணிதப் பகுப்பாய்வு என்னும் சிறுநூலை வெளியிட்டார். 1854-இல் சிந்தனை விதிகளைப் பற்றிய பெருநூல் வந்தது. அதன் பிற்பகுதி நிகழ்தகவைப் பற்றியது.

கருத்து கடினமானதன்று. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் அனைவரையும் 1 எனக் கொள்வோம். எவரும் இல்லாத நிலை 0. தமிழில் தேறியவர்கள் ‘த’ எனின், தேறாதவர்கள் 1 – த. கணிதத்தில் தேறியவர்கள் ‘க’ எனின், இரண்டிலும் தேறியவர்கள் த × க. இப்போது ‘த’வை ‘த’வாலேயே பெருக்கினால் வருவது யாது? தமிழில் தேறியவர்களுள் தமிழில் தேறியவர்களைப் பொறுக்கினால் அதே கூட்டம்தான் மிஞ்சும். ஆகவே த × த = த. எண்களில் இவ்விதி 0, 1 ஆகிய இரண்டுக்கே பொருந்தும். இதிலிருந்து த × (1 – த) = 0 என்பது பெறப்படும். ஒருவன் ஒரே பாடத்தில் தேறியவனாகவும் தேறாதவனாகவும் இருத்தல் இயலாது என்று இதற்குப் பொருள். அரிஸ்டாட்டில் காலந்தொட்டு அடிப்படை விதியாகப் போற்றப்பட்ட முரண்பாட்டு விதியைப் பூல் ஒரு வரிச் சமன்பாட்டிலிருந்து வருவித்துக் காட்டினார்.

அறிஞர்கள் இதனை மதித்தனர். பயன்பாடு உண்டென எவரும் எண்ணவில்லை. ஜெவன்ஸ் முதலியோர் கூட்டல் விதியில் சில திருத்தம் செய்தனர். ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து, 1937-இல், அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்னும் மாணவர் மின்சுற்றுகளைப் பற்றிய தம் முதுநிலைப் பட்ட ஆய்வேட்டில் இவ்வியற்கணிதத்தைக் கையாண்டார். இரு ஸ்விட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால், இரண்டும் மூடியிருந்தாலன்றி விளக்கு எரியாது. பக்க இணைப்பில் இருந்தால் ஒன்று மூடினாலே எரியும். முன்னது ‘மற்றும்’ என்னும் சொல். பின்னது ‘அல்லது’ என்னும் சொல். ஆகவே சிந்தனையின் சொற்களைக் கம்பியாலும் ஸ்விட்சாலும் அமைக்கலாம் என்று ஆயிற்று. இன்றைய கணிப்பொறியின் உள்ளே நடப்பது இதுவே. நாம் பி.ஏ. பயின்ற நாளில் அளவையியலை உயிரற்ற பாடமாக மனப்பாடம் செய்தோம். இதனை யாரேனும் அன்றே சொல்லியிருப்பின் விருப்போடு படித்திருப்போம்.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். அயர்லாந்தில் மூன்று இடங்களில் அரசுக் கல்லூரிகள் தொடங்கப்பட இருந்தன. 1846-இல் பூல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். தாம் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சார்ந்தவர் அல்லர், எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர் என்பதை மறைக்காமல் எழுதினார். டி மார்கன், கேலி, பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் ஆகியோர் நற்சான்று வழங்கினர். லிங்கன் நகரத்துப் பெருமக்களும் கையொப்பமிட்டனர். எனினும் விடை வர மூன்றாண்டுகள் ஆயின. அதற்கிடையில் 1848-ஆம் ஆண்டு இறுதியில் தந்தை காலமானார். 1849 ஆகஸ்டில் கார்க் நகரத்துக் குயின்ஸ் கல்லூரியின் முதற் கணிதப் பேராசிரியராக ஜார்ஜ் பூல் அமர்த்தப்பட்டார். தொலைநோக்கியில் வானத்தைக் காட்டிய தந்தை அதனைக் காண இல்லை.

அப்போதுதான் அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பல இலட்சம் உயிர்களைப் பறிகொடுத்திருந்தது. சமயச் சார்பற்ற கல்லூரி என்பதால் ஆயர்கள் எதிர்த்தனர். கல்லூரித் தலைவரோ பெரும்பாலும் டப்ளினிலேயே தங்கினார். அதுபற்றிப் பூல் பத்திரிகைகளில் வெளிப்படையாகவே மோதினார். சாந்தமானவர்தாம், ஆனால் முறைகேட்டைக் கண்டால் வாளாவிருக்கமாட்டார். 1851-இல் அறிவியல் புலத் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

மாணவர்கள் அவரை நேசித்தனர். ஒருநாள் வகுப்பில் மாணவர் அனைவரும் அமர்ந்திருக்க, பேராசிரியர் ஆழ்ந்த சிந்தனையில் மேடைமீது ஒரு மணி நேரம் மேலும் கீழும் நடந்துவிட்டு வெளியேறினாராம். வீடு சென்று மனைவியிடம், இன்று வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை என்றாராம். மெய்யோ புனைவோ, அவர்தம் இயல்பைக் காட்டும் கதை இது. கணிதத்துக்கு அப்பால் அவருக்குப் பிடித்தவை கவிதையும் இசையும் நெடுநடையும். இளமை முதல் பாக்கள் எழுதினார். மூன்று என்னும் எண்ணைப் பாராட்டியும் பதினான்கு வரிப் பாவொன்று யாத்தார். கவிதைகளை அச்சிடும் ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கார்க் கல்லூரியில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த ஜான் ரயால் என்பவரின் உடன்பிறந்தாள் மகள் மேரி எவரெஸ்ட். 1850-இல் மாமனைக் காண வந்த அப்பெண்ணுக்குப் பூல் கணிதம் கற்பித்தார். பின்னர்க் கடிதம் வழியே பாடம் தொடர்ந்தது. அவருடைய தந்தை 1855-இல் காலமாக, அவ்வாண்டு செப்டம்பரில் இருவரும் மணந்தனர். மணமகனுக்கு வயது முப்பத்தொன்பது; மணமகளுக்கு இருபத்துமூன்று. மேரியின் சிற்றப்பரோ பெரியப்பரோ எனக் கேட்போர்க்கு ஒரு சொல்: அவர் தந்தையின் உடன்பிறந்தாரே இந்திய நிலஅளவைத் தலைவராயிருந்த ஜார்ஜ் எவரெஸ்ட். இமயத்தின் உச்சிக்கு 1865-இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. அவர் நடத்திய மாபெரும் முக்கோண அளவைப் பணி 1802-இல் நம் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டனால் தொடங்கப்பட்டது என்பது நமக்குரிய செய்தி.

கார்க் வாழ்வு உழைப்பும் புகழும் நிறைந்தது. 1857-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1859-இல் வகைக்கெழுச் சமன்பாடுகள் பற்றியும், 1860-இல் முடிவுறு வேறுபாடுகள் பற்றியும் பாடநூல்கள் எழுதினார். பட்டமே பெறாதவருக்கு ஆக்ஸ்போர்டும் டப்ளினும் மதிப்புறு பட்டங்களை வழங்கின. ஐந்து பெண்மக்கள் பிறந்தனர்.

1864 நவம்பர் இறுதியில், வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஏறத்தாழ மூன்று மைல் தொலைவைக் கொட்டும் மழையில் நடந்தார். நனைந்த உடையுடனேயே பாடம் நடத்தினார். குளிர்காய்ச்சல் கண்டு நுரையீரலைத் தாக்கியது. நோய்க்குக் காரணமானதே மருந்தாகும் எனக் கருதிய மனைவியார் அவரை ஈரத் துணியில் கிடத்தினார் என்றொரு செய்தி பலராலும் கூறப்படுகிறது. டிசம்பர் 8-ஆம் நாள் ஜார்ஜ் பூல் மறைந்தார். வயது நாற்பத்தொன்பது. கார்க்கை அடுத்த பிளாக்ராக் ஊர்த் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அப்போது மேரிக்கு வயது முப்பத்திரண்டு. மூத்த மகளுக்கு எட்டு. கடைக்குட்டிக்கு ஏழு மாதம். சேமிப்பு மிகக் குறைவு. மேரி இலண்டன் சென்று, பெண்களுக்கான குயின்ஸ் கல்லூரியில் நூலகர் ஆனார். பின்னாளில் சிறுவர்க்குக் கணிதம் கற்பிக்கும் முறைகளைப் பற்றிப் பல நூல்கள் எழுதினார். துளையிட்ட அட்டையில் வண்ண நூல் கோத்து, நேர்கோடுகளாலேயே வளைகோட்டைக் காட்டும் முறையைப் பரப்பியவர் அவரே. இன்றும் நம் பள்ளிகளின் கணிதக் கண்காட்சிகளில் பிள்ளைகள் இதனைச் செய்து வைக்கின்றனர். யார் தந்த விளையாட்டு எனக் கேட்டால் விடை வராது.

மக்களுள் மூன்றாமவர் அலிசியா. கல்லூரிக் கல்வி இல்லாமலே நாற்பரிமாண உருவங்களை மனக்கண்ணால் கண்டு, அவற்றின் வெட்டுமுகங்களை அட்டையால் செய்து காட்டினார். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் 1914-இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. நான்காமவர் லூசி வேதியியல் ஆசிரியராக விளங்கினார். இளையவர் எத்தல் லிலியன் 1897-இல் எழுதிய புதினம் ரஷ்யாவிலும் சீனாவிலும் பல இலட்சம் படிகள் விற்றது. இரண்டாம் மகள் மார்கரெட்டின் மைந்தர் ஜெஃப்ரி இங்ராம் டெய்லர் பெயர்பெற்ற இயற்பியலறிஞர். மூத்த மகள் மேரி எல்லனின் வழிவந்தவர் ஜெஃப்ரி ஹிண்டன். கணிப்பொறிக்குக் கற்கும் ஆற்றலை ஊட்டும் ஆய்வுக்காக 2024-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், லிங்கன் நகரத்துச் செருப்புத் தொழிலாளியின் மகனுக்கு எள்ளுப்பேரன் ஆவார்.